ஊரில் புயல், கையில் எஃப்-1 விசா: வேலை அனுமதி பெறும் வழி

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத்துத் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. நெல் என்றால் அடுத்த போகத்தில் தலைநிமிரலாம். நெட்டை ரகத் தென்னங்கன்றோ காய்ப்புக்கு வரவே ஐந்தாறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அப்படியொரு தோப்பின் வருமானத்தை நம்பிப் பிள்ளையை அமெரிக்காவுக்குப் படிக்க அனுப்பிய குடும்பம் என்ன செய்யும்? ஊரில் விழுந்த அடி அடுத்த செமஸ்டர் கட்டணத்தில் வந்து நிற்கும். இந்த நிலையில் உள்ள, எஃப்-1 எனும் மாணவர் விசாவில் படிக்கும் மாணவருக்கு அமெரிக்கக் குடியேற்ற விதிகளிலேயே ஒரு வழி இருக்கிறது. வளாகத்துக்கு வெளியே, எந்தத் துறையிலும், முறையான அனுமதியோடு வேலை செய்யலாம். அந்த அனுமதியைப் பேரிடரின் பெயரைச் சொல்லி வாங்கிவிட முடியாது. பேரிடரால் உங்கள் படிப்புக்கு வந்துகொண்டிருந்த பணம் நின்றுவிட்டது என்பதைக் காகிதத்தில் காட்ட வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு படியும் இதைச் சுற்றியே அமைந்திருக்கிறது.

முதலில், எந்த வாசலில் நிற்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். வாசல்கள் இரண்டு. ஒன்று, அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை குறிப்பிட்ட நாட்டு மாணவர்களுக்காக அறிவிக்கும் சிறப்பு மாணவர் நிவாரணம். 2010இல் ஹைட்டி நிலநடுக்கத்துக்குப் பிறகும், 2015இல் நேபாள நிலநடுக்கத்துக்குப் பிறகும் இது அறிவிக்கப்பட்டது. இதன் கீழ், வகுப்பு நடக்கும் காலத்துக்கு வழக்கமாக உள்ள வாரத்துக்கு 20 மணி நேரம் என்ற வரம்பைத் தாண்டி உழைக்கலாம். பாடச்சுமையையும் குறைத்துக்கொள்ளலாம், இளநிலை மாணவருக்குக் குறைந்தது 6 கிரெடிட், முதுநிலை மாணவருக்கு 3. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நேபாளத்தில் நிலம் நடுங்கியது ஏப்ரல் 25. மாணவர்களுக்கான அறிவிப்பு வந்தது நவம்பரில். இடையில் ஒரு செமஸ்டர் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. ஆகவே உங்கள் நாட்டுக்கு அறிவிப்பு வருமா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். இரண்டாவது வாசல் எல்லா நாட்டு எஃப்-1 மாணவருக்கும் எப்போதும் திறந்திருக்கிறது. எதிர்பாராத காரணத்தால் வந்த கடும் பொருளாதார நெருக்கடிக்கான அனுமதி அது. நாணய மதிப்பு சரிவது, உதவித்தொகை நிற்பது, மருத்துவச் செலவு, உங்களைப் படிக்கவைப்பவரின் நிதிநிலை திடீரென மாறுவது ஆகியவற்றை விதியே காரணங்களாகச் சொல்கிறது. புயலோ வெள்ளமோ தந்தையின் வருமானத்தை அடித்துச் சென்றிருந்தால், அது கடைசியாகச் சொன்ன காரணத்தில் நேராக வந்து சேரும்.

தகுதியைச் சரிபாருங்கள். எஃப்-1 நிலையில் ஒரு முழுக் கல்வியாண்டு முடித்திருக்க வேண்டும். முழுநேரப் படிப்பில் இருந்து, மதிப்பெண்ணும் திருப்தியாக இருக்க வேண்டும். வேலை படிப்பைக் கெடுக்காது என்பதும், வளாக வேலை கிடைக்கவில்லை அல்லது போதவில்லை என்பதும் தெரிய வேண்டும். கடைசி நிபந்தனையைப் பலர் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். நூலகத்துக்கும் உணவகத்துக்கும் விண்ணப்பித்து வந்த மறுப்பு மின்னஞ்சல்களை அழிக்காமல் வையுங்கள், அவையும் சான்றுதான். முதலாண்டு மாணவருக்கு இந்த வாசல் திறக்காது. வளாக வேலை, பல்கலைக்கழக அவசர நிதி, கட்டணத் தவணை ஆகியவற்றைத்தான் அவர் நாட வேண்டும். ஜே-1 விசாவில் இருப்பவருக்கு நடைமுறை வேறு: அவருடைய திட்டப் பொறுப்பு அலுவலரே எழுத்தில் அனுமதி தரலாம்.

அடுத்து பன்னாட்டு மாணவர் அலுவலகத்துக்குப் போங்கள். உங்கள் கோப்பைக் கையாளும் டி.எஸ்.ஓ. அலுவலர் செவிஸ் எனும் அரசின் மாணவர் பதிவுக் கணினியில் பரிந்துரை பதிந்து, அது அச்சிடப்பட்ட புதிய ஐ-20 (மாணவர் தகுதிச் சான்று) தர வேண்டும். அந்தப் பரிந்துரை பதிவான 30 நாட்களுக்குள் உங்கள் விண்ணப்பம் குடியேற்றச் சேவை அமைப்பான யு.எஸ்.சி.ஐ.எஸ்.ஸைச் சேர வேண்டும். எனவே சான்றுகளைச் சேர்த்த பிறகு பரிந்துரை கேட்பதே புத்திசாலித்தனம். ஊரிலிருந்து ஒரு சான்றிதழ் வர மூன்று வாரம் ஆனால் அந்த முப்பது நாளில் பெரும்பகுதி கரைந்துவிடும்.

சான்றுகள்தான் இந்த விண்ணப்பத்தின் உயிர். புயலைப் பற்றிய செய்தித்தாள் நறுக்கு ஒன்றிரண்டு போதும். அதிகாரிக்குத் தெரிய வேண்டியது உங்கள் வீட்டுக் கணக்கு. முன்பு எவ்வளவு வந்தது, இப்போது எவ்வளவு வருகிறது என்ற இரண்டு எண்களை அடுத்தடுத்து வையுங்கள். பேரிடருக்கு முந்தைய ஆறு மாத வங்கி அறிக்கை, பிந்தைய மாதங்களின் அறிக்கை, நிலத்தின் சிட்டா, பயிர் விவரம் சொல்லும் அடங்கல், சேதத்துக்குக் கிராம நிர்வாக அலுவலர் தந்த சான்று, வட்டாட்சியர் அலுவலக வருமானச் சான்று, கல்விக்கடன் தந்த வங்கியின் கடிதம் என்று அடுக்குங்கள். தமிழில் உள்ள ஒவ்வொரு தாளுக்கும் முழு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். அதன் கீழே, இது முழுமையானது, சரியானது, எனக்கு இரு மொழியும் தெரியும் என்று மொழிபெயர்த்தவர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அடங்கலில் தென்னை என்று எழுதிய ஒரு கட்டம் மட்டும் மொழிபெயர்க்கப்பட்டு மற்றவை விடுபட்டிருந்தால் கூடுதல் சான்று கேட்டுக் கடிதம் வரக்கூடும், மாதங்கள் போகும். இவற்றோடு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். மாதச் செலவு, மாத வரவு, துண்டு விழும் தொகை, அதற்கான காரணம், வளாக வேலை ஏன் போதாது என்பவை அதில் இருந்தால் போதும். அழுகை வேண்டாம். தென்னை மீண்டும் காய்க்க ஆண்டுகள் ஆகும் என்ற ஒற்றை வரி, இது ஒரு பருவ இழப்பல்ல என்பதை எந்த உருக்கமான பத்தியையும்விட நன்றாகச் சொல்லும்.

பிறகு வேலை அனுமதி கோரும் ஐ-765 படிவம். தகுதிப் பிரிவு கேட்கும் இடத்தில் (சி)(3)(ஐஐஐ) என்று நிரப்ப வேண்டும்; படிப்பு முடிந்தபின் பெறும் ஓ.பி.டி. எனும் பயிற்சி வேலைக்கான பிரிவை இங்கே எழுதிவிடாதீர்கள். புதிய ஐ-20, நாட்டுக்குள் நுழைந்த பதிவான ஐ-94, பாஸ்போர்ட் நகல், புகைப்படம், சான்றுகள் இணைய வேண்டும். சமூகப் பாதுகாப்பு எண் இல்லாதவர் அதையும் இதே படிவத்தில் கேட்கலாம். தாளில் அனுப்பினால் கட்டணம் 2024 ஏப்ரல் முதல் 520 டாலர். அனுப்பும் அன்று அரசுத் தளத்தில் தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதையும் கட்ட முடியாதவர் ஐ-912 படிவத்தில் விலக்குக் கேட்கலாம். பரிசீலனையை விரைவுபடுத்தும்படி காரணத்தோடும் சான்றோடும் தனியாகக் கோரவும் இடமுண்டு. வேலை கைவசம் இருக்க வேண்டியதில்லை; அனுமதிதான் முதலில்.

வேலை அனுமதி அட்டையான இ.ஏ.டி. கைக்கு வந்து, அதில் அச்சிட்ட தொடக்கத் தேதியும் வந்த பிறகே வேலைக்குச் செல்லுங்கள். வகுப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம். நீண்ட விடுமுறையில் முழுநேரம். அனுமதி ஓராண்டு வரை. வேறு கல்லூரிக்கு மாறினால் அது முடிந்துவிடும். நெருக்கடி நீடித்தால் புதிய பரிந்துரையோடு மறுபடி விண்ணப்பிக்கலாம்.

இதற்கெல்லாம் மாதக்கணக்கில் காத்திருக்க முடியுமா, பெட்ரோல் பங்கிலோ உணவகத்திலோ கையில் காசு வாங்கிக்கொண்டு வேலை செய்தால் யாருக்குத் தெரியும் என்ற வாதம் எப்போதும் எழும். பசியிலிருந்து வரும் கேள்வி என்பதால் அதற்கு மரியாதையாகவே பதில் சொல்ல வேண்டும். எஃப்-1 நிலையை இழந்த மாணவருக்கு அதை மீட்டுத்தரும் விதி ஒன்று இருக்கிறது. பாடம் குறைந்ததற்கும் தாள் தாமதமானதற்கும் அது இடம் கொடுக்கும். அனுமதியின்றி வேலை செய்தவருக்கு அந்த வாசலை அதே விதி மூடிவிடுகிறது. அதாவது மற்ற தவறுகளுக்கு இருக்கும் மருந்து இதற்கு இல்லை. சம்பளம் தராமல் ஏமாற்றும் முதலாளிமேல் புகார் செய்யவும் அந்த மாணவர் அஞ்சுவார். காத்திருக்கும் மாதங்களுக்கு வளாக வேலையும் அவசர நிதியும் தவணையும்தான் துணை.

இன்னொரு தயக்கம்: ஐ-20 வாங்கும்போது பணம் இருக்கிறது என்று காட்டினோமே, இப்போது இல்லை என்றால் பொய் சொன்னதாக ஆகாதா? ஆகாது. அன்று காட்டியது அன்றைய உண்மை. பின்னால் நேர்ந்த, உங்கள் கையில் இல்லாத மாற்றத்துக்காகத்தான் இந்த விதியே எழுதப்பட்டிருக்கிறது. இந்த அனுமதியில் வேலை செய்வதால் ஓ.பி.டி. காலமும் குறையாது.

20 மணி நேரச் சம்பளம் எந்த மூலைக்கு என்று கேட்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலியான 7.25 டாலருக்கு வாரம் 145 டாலர், 15 வாரச் செமஸ்டருக்கு 2,175 டாலர். பல மாநிலங்களில் கூலி இதைவிட அதிகம். எஃப்-1 மாணவருக்கு முதல் ஐந்து நாட்காட்டி ஆண்டுகளில் சமூகப் பாதுகாப்பு வரியும் பொதுவாகப் பிடிக்கப்படாது. ஆனாலும் கல்விக் கட்டணத்தை இது முழுதாக அடைக்காது. சாப்பாட்டையும் வாடகையில் ஒரு பங்கையும் தாங்கும்; அதனால் வீட்டில் இருக்கும் கொஞ்சப் பணம் கட்டணத்துக்குப் போகும். கடிதத்தில் கணக்கை இப்படித்தான் காட்ட வேண்டும்.

ஊரில் வெள்ளமோ புயலோ வந்த வாரத்திலேயே டி.எஸ்.ஓ.வுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி நேரம் வாங்குங்கள். வங்கி அறிக்கைகளையும் கிராம நிர்வாக அலுவலர் சான்றையும் அன்றே எடுக்கத் தொடங்கும்படி வீட்டுக்குச் சொல்லிவிடுங்கள்.