துணி மூட்டையில் பாச்சா உருண்டையா? ஒரு நிமிஷம்!

வடசென்னையில் தையல் மெஷின் சத்தம் கேட்காத தெரு குறைவு. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் வாங்கிய கட் பீஸ், தைத்தது போக மிஞ்சிய ஜாக்கெட் பிட், பாட்டியின் நைந்துபோன சுங்குடிப் புடவை... எதையும் தூக்கிப் போட மனசு வராது. 'ஒருநாள் ஒட்டுப் போர்வை தைக்கலாம், பேரன் பிறந்தால் தூளி கட்டலாம்' என்று மூட்டையாகக் கட்டி, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவோம். கூடவே நாலு பாச்சா உருண்டை!

துணியை எப்படி அடுக்குவது, எப்படிப் பிரித்து வைப்பது என்பதை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்த உருண்டையை வெளியே எடுங்கள்.

"இன்னாக்கா, பீரோவுல ரெண்டு உருண்டை போட்டா இன்னா ஆயிடப் போவுது?" என்று கேட்பீர்கள். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் தலைவலியோடு போய்விடும். பிறந்த குழந்தைக்கு அப்படி இல்லை.

அந்துருண்டை என்றும் சொல்கிறோமே, அதில் பழங்காலமாக இருப்பது நஃப்தலின். இது உருகாமலே ஆவியாகும். உருண்டை நாளுக்கு நாள் சின்னதாகிறதே, அந்த மீதியெல்லாம் துணியில் ஏறி, நம் மூச்சிலும் ஏறுகிறது. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே 'ஜி6பிடி' என்ற என்சைம் குறைவாக இருக்கும். தாய் வழியாக வருவது. ஆண் குழந்தைகளிடம் அதிகம். வெளியே பார்த்தால் ஒன்றுமே தெரியாது, கொழுகொழுவென்று இருக்கும். ஆனால் நஃப்தலின் உள்ளே போனால் ரத்தத்தின் சிவப்பணுக்கள் மளமளவென்று உடையும். மஞ்சள் காமாலை கடுமையாகும். அது மூளையைத் தாக்கினால் ஆயுசுக்கும் ஊனம்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. நஃப்தலின் வாடையைச் சுவாசித்ததால் ரத்தம் உடைந்துபோன 21 பச்சைக் குழந்தைகளைப் பற்றி 1963-லேயே கிரீஸ் நாட்டு டாக்டர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். ஜி6பிடி குறை இல்லாத குழந்தைகளும் அதில் இருந்தார்கள். ஐரோப்பிய யூனியன் நாடுகளில் 2008-லிருந்து நஃப்தலின் உருண்டை விற்கவே தடை. நம் ஊர் மளிகைக் கடையில் இன்னும் தாராளமாகக் கிடைக்கிறது!

இதில் நம் வீட்டுப் பழக்கம் ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறோம். எண்ணெய் பட்ட தோலில் நஃப்தலின் இன்னும் சுலபமாக ஊறும். எண்ணெய் உடம்போடு, உருண்டை வாடை வீசும் பழம்புடவையில் சுற்றித் தூளியில் போட்டால், மூச்சு, தோல் இரண்டு வழியாகவும் உள்ளே போகும்.

ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரியில் பிரசவமாகி வீட்டுக்கு வந்த நாலைந்து நாளில் குழந்தையின் கண் மஞ்சளாகிறது, உள்ளங்கால் வரை மஞ்சள் இறங்குகிறது, பால் குடிக்காமல் துவண்டு கிடக்கிறது, சிறுநீர் டீ டிகாக்‌ஷன் மாதிரி போகிறது என்றால், வெயிலில் காட்டிக்கொண்டு காத்திருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். "துணியில் பாச்சா உருண்டை போட்டிருந்தோம்" என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை அவருக்குப் பெரிய துப்பு.

பருத்திக்கு உருண்டையே வேண்டாம்

துணியை அரிக்கும் அந்துப்பூச்சியின் புழு தின்பது கம்பளியையும் பட்டையும்தான். நம் மூட்டையில் இருப்பதோ பெரும்பாலும் பருத்தி, பாலியெஸ்டர். அந்துக்கு அதில் வேலையே இல்லை! பருத்தியைக் கடிப்பது, வெள்ளியாய் மின்னி சரசரவென்று ஓடுமே, அந்த ராமபாணப் பூச்சி. அது தேடி வருவது கஞ்சியை. ஆகவே சேமித்து வைக்கும் துணிக்குக் கஞ்சி போடாதீர்கள். புதுத்துணியில் மில்லிலேயே போட்ட கஞ்சி இருக்கும். அதையும் அலசி எடுத்துவிட்டு வையுங்கள். அலசினால் சுருங்க வேண்டியது இப்போதே சுருங்கிவிடும், போர்வை தைத்த பிறகு கோணாது. சுருக்கம் விழாத துணிகளில் போடும் ரசாயனமும் ஓரளவு போய், சொறி அரிப்பு குறையும்.

சாயம் போகும் துணியை மட்டும் தனியாக அலசுங்கள். இது நம் ஊர்க்காரர்களுக்குப் பழைய பாடம். திருவொற்றியூரை ஒட்டிய காலடிப்பேட்டை, 1717 முதல் 1720 வரை மெட்ராஸ் கவர்னராக இருந்த காலெட் நெசவாளர்களுக்காக உண்டாக்கிய பேட்டை. காலெட் பேட்டைதான் வாயில் தேய்ந்து காலடிப்பேட்டை ஆனது! வண்ணாரப்பேட்டையின் பெயருக்கும் கம்பெனிக்காரர்களின் துணியை வெளுத்தவர்கள்தான் காரணம். துணியோடு இத்தனை காலப் பழக்கம் உள்ள இடத்தில், அதைப் பூசணம் பூக்க விடலாமா?

இங்கே நிஜமான எதிரி ஈரம். காற்றில் ஈரப்பதம் 65 சதவீதம் இருக்கும்போதே 100 கிராம் பருத்தி சுமார் 8 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் அரை கிராம்கூடப் பிடிக்காது. அதனால் இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். கடலோரத்தில் இன்னொரு சங்கடம் உப்பு. உப்புக் காற்று பட்ட துணி ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். மொட்டைமாடியில் காயப்போட்டால் சாயந்திரம் வரை விடாதீர்கள். வெயில் காலத்தில் கடல் காற்று மதியத்துக்கு மேல்தான் உள்ளே வரும். அதற்குள் காயவைத்து எடுத்துவிடுங்கள். நன்றாக உதறி, சூடு ஆறிய பிறகு மடியுங்கள். எண்ணூர்ப் பக்கம் சாம்பல் தூசி படிகிற மாடியாக இருந்தால், மேலே ஒரு பழைய வேட்டியைப் போர்த்திக் காயப்போடலாம்.

பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டுவது வேண்டவே வேண்டாம். உள்ளே மாட்டிய ஈரம் வெளியே போக வழியில்லை. பழைய தலையணை உறைதான் முதல் தரம். காற்றும் போகும், தூசியும் ஏறாது. இரும்பு பீரோவானால் தட்டில் வெள்ளைத்துணி விரித்து, துணி தகடில் படாமல் வையுங்கள். செய்தித்தாள் விரித்தால் மை ஒட்டும், நாளாக மஞ்சளடிக்கும். ஊசி, சேஃப்டி பின் குத்தி வைத்தால் துருக்கறை. ரப்பர் பேண்டும் வேண்டாம், நாடா போதும். ஒவ்வொரு உறையிலும் ஒரு சீட்டு: என்ன துணி, எத்தனை மீட்டர், எத்தனை பன்னா, அலசியாயிற்றா இல்லையா. அரை மீட்டருக்குக் குறைந்த துண்டெல்லாம் ஒரு பையில். குழந்தைக்கான வெள்ளைப் பருத்தி மட்டும் தனி உறையில். பட்டுக்கு மட்டும் வசம்புத் துண்டையோ, நன்றாகக் காய்ந்த வேப்பிலையையோ மெல்லிய துணியில் முடிந்து வைக்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து மடிப்பை மாற்றுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் அங்கேதான் கிழியும்.

உருண்டைக்குப் பதில் கற்பூரம் போடலாமா என்றால், அதுவும் விளையாட்டுப் பொருளில்லை. தவழும் குழந்தை வாயில் போட்டுக்கொண்டால் வலிப்பு வரும். ஏற்கெனவே உருண்டை போட்ட துணிகளை என்ன செய்வது? சோப்புப் போட்டுத் துவைத்து, வாடை முழுசாகப் போகும்வரை பல நாள் காற்றாட விடுங்கள். பெரியவர்கள் உபயோகிக்கட்டும். கைக்குழந்தைக்கு மட்டும் வேண்டாம்.

பூசணம் பிடித்துவிட்டால்

மூட்டையை வீட்டுக்குள் பிரித்து உதறாதீர்கள். பூசணத் தூள் ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. மூக்கில் துணி கட்டிக்கொண்டு, மாடியில் பிரித்து உதறி, வெந்நீரில் துவைத்து வெயிலில் போடுங்கள். வெள்ளைப் பருத்திக்கு மட்டும் பிளீச்சிங் பவுடர். அதோடு வினிகரையோ ஆசிட்டையோ சேர்த்துவிடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பி நெஞ்சை அடைக்கும். தைத்த போர்வையையும் அடிக்கடி வெந்நீரில் துவைக்க வேண்டும். 55 டிகிரிக்கு மேல் சூடு இருந்தால்தான் தூசியில் வாழும் உண்ணிகள் சாகும்.

மழைக்காலத்துக்கு முன்னால் கட்டிலடி மூட்டையை மேலே ஏற்றிவிடுங்கள். வெள்ளத்தில் நனைந்த துணியில் ஒன்றிரண்டு நாளிலேயே பூசணம் பூத்துவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்ப் பக்கம் பல வீடுகளுக்குள் வந்தது வெறும் தண்ணீரும் இல்லை, எண்ணெய் கலந்த தண்ணீர். அப்படி எண்ணெய் ஊறிய துணியை, எத்தனை விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும், போர்வைக்கும் எடுக்காதீர்கள், கரித்துணியாக அடுப்படியிலும் வைக்காதீர்கள்.