ஆவாரையும் அதன் பங்காளிகளும்

மண்டி மொஹல்லாவில், நாம் நாட்டு மருந்துக் கடை என்பதை மைசூர்க்காரர்கள் கிரந்திகே அங்கடி என்பார்களே, அத்தகைய கடையொன்றின் படியில் நின்றுகொண்டு, காகிதப் பொட்டலத்தைப் பிரித்து, "ஆவாரம்பூ அல்லவா கேட்டேன், இதில் வேறு ஏதோ கலந்திருக்கிறதே?" என்று நான் வினவியபோது, கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நிதானமாக அளித்த பதில், "எல்லாம் மஞ்சள் பூதானே, ஸ்வாமி!" என்பது.

அவர் பேரில் எனக்குக் கோபமில்லை. தேவராஜ மார்க்கெட்டுப் பக்கம் பூச்செண்டுகளில் ரோஜாவுக்குத் துணையாகச் செருகுகிறார்களே, கோல்டன் ராட் என்ற மஞ்சள் பூ, அதன் தாயகமான வட அமெரிக்காவில் அதன் நூற்றுச் சொச்சம் இனங்களையும் பிரித்தறியத் தாவர சாஸ்திரிகளே தடுமாறுகிறார்கள் என்றால், ஆவாரையின் குடும்ப விவகாரத்தில் ஒரு வியாபாரி தடுமாறுவது ஆச்சரியமன்று. இந்தக் கூட்டம் முழுவதும் முன்பு காசியா என்ற ஒரே பேரினத்தில் அடங்கியிருந்தது. 1982-இல் இர்வின், பார்னபி என்ற இருவர் ஆராய்ந்து சென்னா என்று தனிக்குடித்தனம் வைத்தார்கள். (இந்த இர்வினுக்கும், மைசூரின் இர்வின் ரோட்டுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை.)

பெயர்களை நம்பிச் செடியைத் தேர்வதும் அபாயம். மூன்று நான்கு பாஷைகள் ஒரே தெருவில் புழங்கும் இந்தப் பேட்டையில் ஆவாரை கன்னடத்தில் ஆவரிகே அல்லது தங்கடி, ஹிந்துஸ்தானியில் தர்வர்; இதுவரை கஷ்டமில்லை. ஆனால் பொன்னாவரை என்ற பெயரை ஒரு வைத்தியர் ஒரு செடிக்கும் மற்றொருவர் மற்றொன்றுக்கும் வழங்குவதைக் கேட்டபின், பெயரை விட்டு லக்ஷணத்தைப் பற்றிக்கொள்வதே விவேகம் என்று தோன்றிற்று. அந்த லக்ஷணமும் பூவில் இல்லை. ஐந்து இதழ், மஞ்சள், நீளங்குட்டையான மகரந்தக் காம்புகள், தேனின்மை, நுனித்துளை வழியே மகரந்தத்தைத் தச்சு வண்டு ரீங்கரித்து உதிர்த்துக்கொள்ள வேண்டிய ஏற்பாடு ஆகிய யாவும் பங்காளிகள் பலருக்கும் பொது. பார்க்க வேண்டியவை மூன்று: இலைக்காம்பிலுள்ள சுரப்பி, சிற்றிலைகளின் ஜோடிக் கணக்கு, காய்.

ஆவாரையின் இலையைத் திருப்பிப் பிடித்தால், எட்டு முதல் பன்னிரண்டு ஜோடிச் சிற்றிலைகள் இருக்கும். ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவில் எள்ளினும் சிறிய முளைபோல் சுரப்பியொன்று நிமிர்ந்து நிற்கும். இலை கிளையோடு சேருமிடத்தில் காதுமடல் போன்ற இலையடிச் செதில் இரண்டு உண்டு. ஆரிகுலாட்டா என்ற லத்தீன் பெயர் இந்தக் காதைத்தான் குறிக்கிறது. காய் தட்டையாக, காகிதம்போல் மெலிந்து, விதைக்கு விதை இடையில் அமுங்கியிருக்கும். இந்த அடையாளங்கள் பொருந்தினால் பூவைப் பறித்து நிழலில் உலர்த்திக் கஷாயத்துக்கு வைத்துக்கொள்ளலாம். தைக்குக் காப்புக் கட்டவும் இதுவே. தென்னாப்பிரிக்க வாட்டில் மரப்பட்டை இறக்குமதியாகும் வரையில் தென்னிந்தியத் தோல் பதனிடும் தொழிலுக்கு ஆதாரமாயிருந்ததும் இதன் பட்டையே. தெலங்கானாவுக்கு இது மாநில மலர்.

அடுத்தது பேயாவரை. வடமொழியில் காஸமர்தம், வடக்கே கசௌந்தி. குப்பைமேட்டிலும் இடிந்த சுவரோரத்திலும் மழைக்குப்பின் எழும்பும் இதன் இலையைக் கசக்கினால் குமட்டும் வாசனை. சிற்றிலைகள் நான்கைந்து ஜோடிகளே, நுனி கூர்மை. சுரப்பி இலைக்காம்பின் அடியில் ஒன்றே ஒன்று, குமிழ்போல உருண்டு நிற்கும். விரல்நீளக் காய், பழுப்பு உடலில் வெளிறிய இரு கரைகளுடன் சற்றே வளைந்திருக்கும். இதன் விதையை வறுத்துக் காபிக்குப் பதிலாகக் குடித்த தேசங்கள் உண்டு. காபி மணக்கும் மைசூரில் இதைச் சொல்லவே கூச்சமாயிருக்கிறது. ஆனால் மேற்கு உத்தரப் பிரதேசத்தில் வருஷந்தோறும் மழைக்காலம் கழிந்த மாதங்களில் சிறுகுழந்தைகளைக் கொன்றுவந்த நோய், மூளைக்காய்ச்சல் என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டது. அது இந்த விதைகளைத் தின்றதன் விஷமாகவே இருக்க வேண்டும், ஈரலையும் தசையையும் மூளையையும் ஒருங்கே தாக்கியிருக்கிறது என்று 2007-இல் வைத்தியர்கள் எழுதினார்கள். ஆவாரை பூத்த ஊரில் சாவு அணுகாது என்ற கருத்தில் நம்மவர் பழமொழி சொல்லிவைத்திருக்க, அதன் பங்காளி செய்த காரியம் இது. குழந்தைகள் விளையாடும் இடத்தில் இந்தச் செடியைக் கண்டால் காய் முற்றுமுன் பிடுங்கிவிடுவது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

பேயாவரைக்கு மிக நெருங்கிய உறவொன்று உண்டு. அதன் சிற்றிலைகள் குறுகி ஜோடிகள் மிகுந்திருக்கும், முற்றிய காய் தட்டையின்றிப் பருத்திருக்கும். பொன்னாவரை என்று சிலர் சொல்வது இதையே. கடையில் வாங்குவோர் இவ்விரண்டையும் ஒதுக்கிவிட்டால் நஷ்டமொன்றுமில்லை.

தகரையை அறிவது எளிது: மூன்றே ஜோடி, நுனி மழுங்கி, மேல் ஜோடி பெரிது, அந்தியில் கை கூப்பினாற்போல் இலை மடங்கும். காய் ஊசியாய் நீண்டு வளைந்திருப்பதால் ஊசித்தகரை என்பார்கள். படர்தாமரைக்கு அரைத்துப் பூசுவது வழக்கம். அதே காரியத்துக்குச் சீமையகத்தியும் உண்டு. அதைத் தவறவிட முடியாது. உள்ளங்கையளவுச் சிற்றிலைகள், மெழுகுவர்த்தி நட்டாற்போல் நிமிர்ந்த பூங்கதிர், நான்கு சிறகுள்ள காய்.

நிலவாகை வேறு ஜாதி விஷயம். திருநெல்வேலிச் சீமையில் பயிராகிக் கப்பலேறிப் பேதி மருந்தாக உலகமெங்கும் போகிறது. இலைக்காம்பில் சுரப்பியே இராது. இதன் மூட்டைகளில் ஆவாரை இலையைக் கலப்பது பழைய மோசடி. அடர்த்தியான கந்தகத் திராவகம் பட்டால் ஆவாரை இலை சிவந்து காட்டிக்கொடுத்துவிடும் என்று மருந்து நூல்களில் போதிக்கிறார்கள். ஆவாரையென்று எண்ணி நிலவாகையை நித்தியம் காய்ச்சிக் குடித்தவர் கதியை விவரிக்க வேண்டியதில்லை.

இனிப் பொட்டலத்துக்கு வருவோம். உலர்ந்த பூக்களினிடையே கிடந்த மூன்று காய்களை எடுத்து, ஒன்றை நகத்தால் பிளந்தேன். உள்ளே காசுகளை அடுக்கினாற்போல் தவிட்டு நிற விதைகள். ஓரத்தில் வெளிறிய கரை. கடைக்காரர் என் உள்ளங்கையை எட்டிப் பார்த்து, "கசௌந்தி" என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டு, காய்களையும் விதைகளையும் வாங்கித் தெருவோரச் சாக்கடைக் கரையில் வீசினார். பிறகு வேறு டின்னைத் திறந்து புதிதாக நிறுத்துக் கொடுத்தார். அடுத்த மழைக்கு நான் அந்தப் பக்கம் போனபோது, சாக்கடைக் கரையில் நான்கு கன்றுகள் முளைத்திருந்தன.