ஒரு டயரில் மட்டும் காற்று இறங்குகிறதா?

வேலூர் வெயிலில், காற்று குறைந்த டயரோடு ஆம்பூர், வாணியம்பாடி நெடுஞ்சாலையில் வேகமெடுத்தால் டயர் சூடேறி வெடிக்கலாம். காற்று மெல்லக் கசியும்போதே கவனியுங்கள்.

• காலையில், வண்டி எடுக்கும் முன் காற்றை அளவிடுங்கள். ஓடிய டயர் சூட்டில் கூடுதலாகக் காட்டும். சரியான அளவு பெரும்பாலும் டிரைவர் கதவோர ஸ்டிக்கரில் இருக்கும்.

• வால்வு, டயர் பட்டன், ரிம் விளிம்பு மூன்றிலும் சோப்புத் தண்ணீர் ஊற்றுங்கள். பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பும் இடமே ஓட்டை.

• வால்வு வாயில் குமிழி வந்தால், உள்ளே இருக்கும் வால்வு பின்னை மாற்றினாலே சரியாகலாம்.

• ட்யூப்லெஸ் டயரில் ஆணி குத்தியிருந்தால் பிடுங்காதீர்கள். அதுவே ஓட்டையை அடைத்து நிற்கும். காற்று நிரப்பி, மெதுவாகப் பஞ்சர் கடைக்குப் போங்கள்.

• டயரின் பக்கச் சுவரில் ஓட்டை என்றால் ஒட்டுப் போடாமல் டயரையே மாற்றுங்கள். பட்டன் ஆழம் 1.6 மி.மீ.க்குக் கீழே தேய்ந்தாலும் மாற்றத்தான் வேண்டும்.

• மாதம் ஒருமுறை ஸ்டெப்னியிலும் காற்றைப் பாருங்கள். நடுவழியில் கைகொடுப்பது அதுதான்.