கம்பெனில ஆள் எடுக்கிறாங்க... நம்பி ஹோம் லோன் போடலாமா?

சேவூர்ல இருந்து பனியன் கம்பெனிக்குப் போய்வர்ற ஒரு சூப்பர்வைசர் தம்பி கேட்டார்: "அண்ணா, மூணு மாசத்துல எங்க கம்பெனில 40 பேரைப் புதுசா எடுத்திருக்காங்க. தைரியமா ஹோம் லோன் போடலாங்களா?"

பதில் சொல்றதுக்கு முன்னாடி ஒரு சின்ன கணக்கு. எண்கள் உதாரணத்துக்குத்தான்.

2024 ஜூலை–செப்டம்பர்: 400 பேர்
2025 ஏப்ரல்–ஜூன்: 320 பேர்
2025 ஜூலை–செப்டம்பர்: 360 பேர்

முந்தைய காலாண்டோட ஒப்பிட்டா 12.5% ஏற்றம். போன வருஷம் இதே காலாண்டோட ஒப்பிட்டா 10% இறக்கம். ரெண்டுமே சரியான கணக்குதான். ஆனா தீபாவளி ஆர்டருக்கு ஆள் எடுக்கிறது வருஷா வருஷம் நடக்கிறது. அதனால சீசன் தொழில்ல எப்பவும் போன வருஷத்து அதே மூணு மாசத்தோட ஒப்பிடுங்க.

"அரசாங்க புள்ளிவிவரம் பார்த்தா போதாதா?" பார்க்கலாம், ஆனா ரெண்டு விஷயம் ஞாபகம் இருக்கட்டும்.

ஒண்ணு, தாமதம். தொழிற்சாலைகளுக்கான ஆண்டு ஆய்வு 2023-24 அறிக்கை வெளியானது 2025 ஆகஸ்ட்ல. நாடு முழுக்க சுமார் 1.95 கோடி பேர், அதுல ஏறக்குறைய 15% தமிழ்நாடு, முதலிடம். பெருமைதான். ஆனா அதே ஆகஸ்ட் 27ல அமெரிக்கா இந்தியப் பொருட்கள் மேல கூடுதல் வரியை 50% ஆக்கினப்ப திருப்பூர் எக்ஸ்போர்ட் கம்பெனிகளுக்கு விழுந்த அடி அந்த அறிக்கைல இருக்காது. அது 2024 மார்ச்சோட முடிஞ்ச கணக்கு.

ரெண்டு, தலைக்கணக்கு. தொழிலாளர் கணக்கெடுப்போட வாராந்திர அளவுகோல்படி, ஏழு நாள்ல ஒரு மணி நேரம் வேலை பார்த்திருந்தாலே அவர் 'வேலையில் இருப்பவர்'. நம்ம ஊர்ல ஆர்டர் குறைஞ்சா உடனே ஆளைக் குறைக்க மாட்டாங்க. முதல்ல ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்ட் ஆகும், அப்புறம் வாரத்துல ரெண்டு நாள் லீவு விடுவாங்க. தலை எண்ணிக்கை அப்படியே இருக்கும், சம்பளம் இறங்கியிருக்கும்.

தம்பியோட கணக்குக்கு வருவோம். சம்பளம் 24,000, ஓவர்டைம் 6,000. பேங்க் சொன்ன இஎம்ஐ 13,000. மொத்த 30,000ல பார்த்தா 43%. ஓவர்டைம் நின்னா 54%! பாதிக்கு மேல போயிடும்.

நான் சொன்னது இதுதான்:

1. கடைசி 15 மாச சம்பளச் சீட்டை எடுங்க. இந்த மூணு மாச ஓவர்டைமையும் போன வருஷம் இதே மூணு மாச ஓவர்டைமையும் கூட்டிப் பாருங்க.
2. குறைஞ்சிருந்தா லோனைத் தள்ளிப் போடுங்க.
3. இஎம்ஐயை ஓவர்டைம் சேர்க்காத சம்பளத்தை வெச்சுக் கணக்குப் போடுங்க.
4. ஆறு மாசச் செலவுக்கான பணம் தனியா இருக்கணும். அதுக்கப்புறம்தான் வீடு.

வீடு ஒரு வருஷம் தள்ளிப் போகலாம், தப்பில்லை. வாங்கின வீட்டுக்கு தவணை கட்ட முடியாம நிக்கிறதுதான் கஷ்டம். இன்னைக்கு ராத்திரியே அந்தச் சீட்டுகளை எடுத்து உக்காருங்க!