சினைப்பை நீர்க்கட்டி: தாய்மார்கள் அறிய வேண்டியவை

மகளுக்கு இரண்டு மூன்று மாதமாக மாதவிலக்கு வரவில்லை என்றால், "கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லாத பாட்டிமார் மெர்லிமாவ், பெம்பான், அசஹான் பக்கங்களில் மிகக் குறைவு. கல்யாணமும் நடக்கிறது. கோளாறு தீர்வதில்லை. குழந்தை தாமதமாகும்போது பழி முழுவதும் அந்தப் பெண்ணின் தலையில் விழுகிறது. அவளுக்கு உடம்பில் என்ன செய்கிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

இதற்குப் பாலிசிஸ்டிக் ஓவரி சின்ட்ரோம், சுருக்கமாக பிசிஓஎஸ் என்று பெயர். 1935-இல் சிகாகோ நகர மருத்துவர்கள் ஸ்டெயின், லெவென்தால் இருவரும் ஏழு பெண்களிடம் கண்டு இதை விவரித்தார்கள். பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் 100-க்கு 10 முதல் 13 பேருக்கு இது இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கணிக்கிறது. நீர்க்கட்டி என்ற சொல்லைக் கேட்டு நடுங்க வேண்டாம். அவை வெட்டி எடுக்க வேண்டிய கட்டிகள் அல்ல. முழுதாக முதிராமல் நின்றுபோன கருமுட்டைப் பைகள்.

மூலகாரணம் பெரும்பாலும் இன்சுலினில் இருக்கிறது. உடல் இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படாதபோது, கணையம் அதை மேலும் மேலும் சுரக்கிறது. அந்த மிகுதி, சினைப்பையைத் தூண்டி ஆண்தன்மைச் சுரப்பைக் கூட்டுகிறது. முட்டை முதிர்வது தடைப்படுகிறது. முகத்தில் ரோமம், பரு, தலைமுடி உதிர்தல் எல்லாம் தொடர்கின்றன. கழுத்தின் பின்புறம் கருத்துத் தடித்துவிடுவதும் இதன் அடையாளமாக இருக்கலாம். அதை அழுக்கென்று எண்ணி, தேய்த்துத் தேய்த்துப் பிள்ளையை அழவைத்த தாய்மாரை ஆசிரியப் பணியில் நான் கண்டதுண்டு.

நம் நாட்டில் 2023 சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. அதில் இந்தியர்களே முன்னணியில் இருக்கிறோம்! பிசிஓஎஸ் உள்ள பெண்ணுக்கு அந்த அபாயம் இன்னும் அதிகம். விடியலில் பால்மரம் வெட்டப் போன பாட்டி மைல் கணக்கில் நடந்தாள். பேத்தி தொழிற்சாலையில் நாற்காலியில் அமர்ந்திருக்கிறாள். தட்டில் சோற்றின் அளவு மட்டும் மாறவில்லை. டின் பால் ஊற்றிய தேநீரும் குறையவில்லை.

பூப்பெய்திய முதல் ஆண்டில் மாதவிலக்கு முன்பின்னாக வருவது இயல்பு. மூன்று ஆண்டுக்குப் பிறகும் 35 நாளைத் தாண்டித் தாண்டி வந்தாலோ, எப்போதாவது 90 நாள் வராமல் போனாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும். நெடுநாள் வராதிருந்தால் கருப்பையின் உட்சுவர் தடித்து, பிற்காலத்தில் புற்றுநோய்க்கு இடம் தரலாம். மருத்துவர் தைராய்டு போன்ற வேறு காரணங்களையும் சோதிப்பார். இளம் பெண்களுக்கு இதற்காக ஸ்கேன் எடுக்க வேண்டியதில்லை.

அடியோடு தீர்க்கும் மருந்து இல்லை, கட்டுக்குள் வைக்கலாம். எடை கூடியவர்கள் 100-க்கு ஐந்து பங்கு குறைத்தாலே பலருக்கு மாதவிலக்கு சீராகத் தொடங்கும். ஒல்லியானவர்களுக்கும் இந்நோய் வரும் என்பதால், குண்டு என்று கேலி செய்வது வைத்தியமாகாது. மாதவிலக்கைச் சீராக்க மருத்துவர் கருத்தடை மாத்திரை எழுதித் தருவதுண்டு. "மணமாகாத பெண்ணுக்கா?" என்று பெற்றோர் சண்டைக்குப் போக வேண்டாம், இங்கே அது மருந்து. சிலருக்கு மெட்பார்மின் தருவார்கள். குழந்தை வேண்டுவோருக்குக் கருமுட்டையை முதிரச் செய்யும் லெட்ரோசோல் முதல் மருந்து. அதில் கருத்தரித்தோர் ஏராளம். திருவிழாவுக்காக மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரையை மட்டும் பக்கத்து வீட்டாரிடம் கேட்டு விழுங்காதீர்கள்.

அரசாங்கக் கிளினிக்கில் 1 வெள்ளியில் பதிந்து பார்க்கலாம். போகும்போது, கடைசி ஆறு மாதத்தில் மாதவிலக்கு வந்த தேதிகளை நாட்காட்டியிலிருந்து ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.