வாக்குப்பதிவில் படிப்படியான சீர்திருத்தம்

1982-இல் கேரளத்தின் பரவூர் தொகுதியில் 50 வாக்குச் சாவடிகளில் மின்னணு இயந்திரம் முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்டது. சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று 1984-இல் உச்ச நீதிமன்றம் கூறி, அச்சாவடிகளில் மறு வாக்குப்பதிவுக்கு ஆணையிட்டது. தேர்தல் முடிவும் மாறிற்று. 1988-இல் சட்டம் திருத்தப்பட்ட பின்னரே இயந்திரத்திற்கு ஏற்பு கிடைத்தது. சட்டத்திற்கு முன்னே கருவி சென்றதால் நேர்ந்த இடர் இது.

அடுத்த மாற்றத்தில் இவ்வரிசை சீராயிற்று. 2010 அக்டோபரில் தில்லியில் தேர்தல் ஆணையம் கூட்டிய அனைத்துக் கட்சிக் கூட்டத்தில், தம் வாக்கு யாருக்குப் பதிவாயிற்று என்பதை வாக்காளர் காகிதச் சீட்டில் காண வகை வேண்டுமெனக் கோரப்பட்டது. நிபுணர் குழு ஆராய்ந்தது. 2011 ஜூலையில் லே, ஜெய்சல்மர், சிரபுஞ்சி, திருவனந்தபுரம், கிழக்கு தில்லி ஆகிய இடங்களில் சோதனை வாக்குப்பதிவு நடைபெற்றது. பாலைப் புழுதியையும் மழை ஈரத்தையும் கருவி தாங்க வேண்டுமல்லவா? குறைகள் களையப்பட்டு மீண்டும் சோதிக்கப்பட்டது.

2013 ஆகஸ்டில் விதிகள் திருத்தப்பட்டன. செப்டம்பரில் நாகாலாந்தின் நோக்சென் இடைத்தேர்தலிலும், டிசம்பரில் புது தில்லி சட்டமன்றத் தொகுதியிலும் கருவி பயன்பட்டது. 2019 பொதுத் தேர்தலில் நாடெங்கும் பரவிற்று.

சீட்டு வாக்காளருக்கு ஏழு வினாடி மட்டுமே தெரிகிறது. எத்தனை சாவடிகளின் சீட்டுகளை எண்ணிச் சரிபார்ப்பது என்பதே பெரிய வினா. சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து என 2019-இல் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. அனைத்தையும் எண்ண வேண்டுமென்ற கோரிக்கையை 2024 ஏப்ரலில் அது ஏற்கவில்லை.