வீட்டில் குஞ்சு பொரித்தல்: அடை வைக்குமுன் கவனிக்க வேண்டியவை

நாமக்கல் வட்டாரப் பண்ணைகளிலிருந்து நாள்தோறும் கோடிக்கணக்கில் முட்டைகள் வெளியூர்களுக்குச் செல்கின்றன. அவற்றை அடை வைத்தால் ஒரு குஞ்சும் வராது. கூண்டில் வளரும் அக்கோழிகளுடன் சேவல் விடப்படுவதில்லை. சேவல் சேராத முட்டையில் கரு இல்லை. மேலும், வெள்ளை லெகார்ன் வழிவந்த கோழிகள் அடைக்கு உட்காருவதும் அரிது; முட்டை எண்ணிக்கையைக் கூட்டுவதற்காக அக்குணம் தலைமுறை தலைமுறையாகக் கழித்துக் கட்டப்பட்டது. ஆகவே வீட்டில் குஞ்சு எடுக்க விரும்பும் உழவர் நாட்டுக்கோழியையே நம்ப வேண்டும்.

நாட்டுக்கோழி ஆண்டுக்கு மூன்று அல்லது நான்கு முறைதான் அடைக்கு வரும். ஒரு முறை வைத்த முட்டைகள் கூமுட்டையாகப் போனால், இழப்பு பன்னிரண்டு முட்டையுடன் நிற்பதில்லை. கோழியின் 21 நாள் வீணாகிறது. அந்த ஆண்டின் குஞ்சுகளில் மூன்றில் அல்லது நான்கில் ஒரு பங்கு போய்விடுகிறது. "கோழி ஒழுங்காகத்தான் உட்கார்ந்தது, ஆனால் நாலே குஞ்சுதான் வந்தது" என்று கிராமங்களில் அடிக்கடி கேட்கிறோம். பெரும்பாலும் கோழி மேல் குற்றமில்லை. முட்டை அடைக்குப் போகுமுன்பே கெட்டிருக்கும்.

இது எப்படி நேர்கிறது? கோழி 10 முதல் 15 முட்டை இட்டு முடிக்க ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். அதன் பிறகே அடைக்கு உட்காரும். நாம் முதல் முட்டையிலிருந்து எல்லாவற்றையும் சேர்த்து வைக்கிறோம். எனவே அடை வைக்கும் நாளில் முதல் முட்டைக்கு வயது இருபது நாள். முட்டைக்குள் இருக்கும் கரு ஏறத்தாழ 70 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் கீழ் உறங்கும். அதற்கு மேல் மெல்ல வளரத் தொடங்கும். முறையாக வளர 100 டிகிரி அளவில் நிலையான சூடு தேவை. சித்திரை, வைகாசியில் ஈரோடு, கரூர்ப் பக்கம் பகல் வெப்பம் 100 டிகிரியைத் தாண்டுகிறது. தகரக் கூரையின் கீழோ, அடுப்படி அலமாரியிலோ வைத்த முட்டையில் கரு பகலில் வளர்ந்து, இரவில் நின்று, மறுநாள் மீண்டும் வளர்ந்து, மூன்று நான்கு நாளில் மடிந்துவிடும். வெளிப் பார்வைக்கு முட்டை நல்ல முட்டைதான்.

ஆகவே முதலில் இட்ட முட்டைகளைச் சமையலுக்கு எடுத்துக்கொண்டு, கடைசி ஏழு நாளில் கிடைத்தவற்றை மட்டும் அடை வைப்பது நலம். குளிர் மாதங்களில் பத்து நாள் வரை பொறுக்கலாம். ஒரு கோழியின் ஏழு நாள் முட்டை போதாதே என்றால், இரண்டு மூன்று கோழிகளின் புதிய முட்டைகளைச் சேர்த்து ஒரே கோழிக்கு வைக்கலாம். முட்டையின் மீது பென்சிலால் தேதி எழுதிவிட்டால் குழப்பம் இல்லை. மை வேண்டாம்.

சேமிக்கும் முறையும் எளிது. அகன்ற மண்சட்டியில் மணலைப் பரப்பித் தண்ணீர் தெளித்து, அதன் மேல் சிறிய மூங்கில் கூடையை வைத்து, கூடைக்குள் முட்டைகளை அகன்ற பக்கம் மேலிருக்குமாறு அடுக்கவும். ஈரத்துணியால் சட்டியின் வெளிப்புறத்தைச் சுற்றி, வீட்டின் குளிர்ந்த மூலையில் வைக்க வேண்டும். முட்டை நனையக் கூடாது. கழுவவும் கூடாது, ஓட்டின் நுண்துளைகளை மூடியுள்ள இயற்கைப் பூச்சு கரைந்து கிருமிகள் உட்புகும். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் குளிர் கருவுக்கு மிகுதி.

சேவலையும் கவனிக்க வேண்டும். எட்டு முதல் பத்துக் கோழிகளுக்கு ஒரு சேவல் தேவை. நம் பகுதியில் நல்ல சேவலைக் காலில் கயிறு போட்டுத் தனியே கட்டி வைக்கும் பழக்கம் உண்டு. அவ்வாறாயின் கோழிகள் கரு இல்லாத முட்டையே இடும். சேவலை விற்ற பிறகும் ஏறத்தாழ பத்து நாள் வரை கருமுட்டை கிடைக்கும். அதன் பின் நம்ப முடியாது.

அடைக்கோழி

ஒரு கோழிக்கு 10 முதல் 12 முட்டை போதும். கோழியின் உடலுக்கு வெளியே தெரியும் முட்டை சூடு பெறாது. கூடையில் உலர்ந்த மணலும் அதன் மேல் வைக்கோலும் இட்டு, இருட்டான, சந்தடியற்ற இடத்தில் மாலை நேரத்தில் வைக்கவும். கோழியின் இறகை விலக்கிச் செள்ளு இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். செள்ளுக் கடி தாங்காத கோழி பத்தாம் நாளில் எழுந்து போய்விடும். அருகிலேயே தீவனமும் தண்ணீரும் இருக்கட்டும். முட்டைகளைத் திருப்பி வைக்கும் வேலையைக் கோழியே செய்துகொள்ளும்.

கூடையில் இரும்பாணி, கரித்துண்டு, வரமிளகாய் போட்டால் இடிச் சத்தத்தால் கரு கெடாது என்பது நெடுநாள் நம்பிக்கை. போடுவதால் தீங்கொன்றும் இல்லை. ஆனால் ஆணி போட்டதனால் இருபது நாள் பழைய முட்டை பொரிந்துவிடாது.

ஏழாம் நாள் இரவில் முட்டைகளைச் சோதிக்க வேண்டும். அட்டைப் பெட்டியில் ஒரு ரூபாய் நாணய அளவுக்குத் துளையிட்டு, உள்ளே டார்ச்சையோ கைப்பேசி விளக்கையோ வைத்து, முட்டையின் அகன்ற பக்கத்தைத் துளையில் பொருத்திப் பார்க்கவும். சிலந்தி வலைபோல் இரத்த நாளங்கள் தெரிந்தால் கரு நலம். தெளிவாக இருந்தால் கருக்கூடாதது. இரத்த வளையம் மட்டும் தெரிந்தால் கரு மடிந்துவிட்டது. பின்னிரண்டையும் நீக்கிவிடவும்.

கடைசி மூன்று நாளில் கோழியைத் தூக்கவோ முட்டையைத் தொடவோ வேண்டாம். ஓடு கீறிய பின் குஞ்சு வெளிவர ஒரு நாள் வரை ஆகலாம். பொறுமையின்றி ஓட்டை உரித்தால் இரத்தம் கசிந்து குஞ்சு சாகும்.

பெட்டி பொரிப்பான்

அடைக்கோழி இல்லாதவர் தெர்மாகோல் பெட்டியில் பல்பு வைத்துப் பொரிக்கலாம். எல்.இ.டி. பல்பு போதிய சூடு தராது. பழைய இழைப் பல்பே வேண்டும். விசிறி உள்ள பெட்டியில் 99.5 டிகிரியும், விசிறி இல்லாததில் முட்டையின் மேல்மட்டத்தில் 101 முதல் 102 டிகிரியும் இருக்க வேண்டும். தண்ணீர்த் தட்டு வற்றக் கூடாது. பதினெட்டாம் நாள் வரை தினமும் ஐந்து முறையாவது திருப்ப வேண்டும். மின்சாரம் நின்றால் பெட்டியைத் திறக்காமல் போர்வையால் மூடுங்கள். சற்றுக் குளிர்ந்த கரு பிழைக்கும். சூடு மிகுந்த கரு பிழைப்பதில்லை.

பொரியாத முட்டைகளை எறியுமுன் உடைத்துப் பார்ப்பது அவசியம். கரு அடையாளமே இல்லையென்றால் சேவலைப் பாருங்கள். முதல் வாரத்திலேயே மடிந்திருந்தால் சேமித்த இடத்தையும் முட்டையின் வயதையும் பாருங்கள். முழு வளர்ச்சியடைந்த குஞ்சு உள்ளேயே இறந்திருந்தால் கடைசி நாட்களின் ஈரப்பதமோ சூடோ சரியில்லை. உடைத்தவற்றை ஆழமாகப் புதைத்துவிட வேண்டும். நாய்க்குப் போட்டால், அடுத்த முறை அது நேராக அடைக்கூடைக்கே வரும்.